நர்ஸிங் முடித்த கையோடு நம் கரையோரப் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

ரிசல்ட் வந்ததுமே மதுரையிலோ ராமநாதபுரத்திலோ ஏதாவது ஒரு தனியார் மருத்துவமனையில் நைட் டூட்டிக்குச் சேர்ந்துவிடுகிறார்கள். வீட்டு நிலைமை அப்படி, குறை சொல்ல முடியாது. ஆனால் சென்னையிலுள்ள நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்வதை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிப்பு விட்டாலும், மாவட்ட அளவில் ஒப்பந்த வேலைக்கு மாவட்ட நலவாழ்வுச் சங்கம் ஆள் எடுத்தாலும், பதிவு இல்லாத விண்ணப்பம் தள்ளுபடிதான். கடைசித் தேதி நெருங்கும்போது ஓடிப் பயனில்லை.

பதிவுக்கு முன்பே பெயரைச் சரிபாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றில் ‘ஜெ. மரிய செல்வி’, ஆதாரில் ‘மரியசெல்வி ஜெபமாலை’ என்று இருக்கும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் இது சகஜம். பாஸ்போர்ட் எடுக்கும்போது இந்த ஒரு இனிஷியல் பாடாய்ப்படுத்தும். வேலைக்குச் சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கேட்டால் காட்டுங்கள், நகல் கொடுங்கள். அசலை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள்.

அரசு வேலை என்று எல்லாவற்றையும் ஒன்றாக நினைப்பது அடுத்த தவறு. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் தரும் ஸ்டாஃப் நர்ஸ் வேலை மாதம் 18,000 ரூபாய் தொகுப்பூதியம், அதாவது படிகள் எதுவும் சேராத மொத்தச் சம்பளம். நிரந்தரம் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் சேர வேண்டும். 2020-இல் கொரோனாவுக்காகத் தற்காலிகமாக எடுத்த நர்ஸ்கள் 2022 கடைசியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டதை மறக்கக் கூடாது. அதற்காக அந்த வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. சேருங்கள், அனுபவச் சான்று வாங்குங்கள், எம்.ஆர்.பி. தேர்வுக்குப் படிப்பதை விடாதீர்கள். அதில் வந்தாலும் ஆரம்பம் தொகுப்பூதியம்தான், ஆனால் காலியிடம் வரும்போது காலமுறை ஊதியத்துக்கு, அதாவது நிரந்தரப் பணியாளர்களுக்கான சம்பளத்துக்கு மாற வழி இருக்கிறது. அந்தத் தேர்வின் தமிழ்த் தகுதித்தாளில் 40 சதவீதம் எடுத்தே ஆக வேண்டும். ‘தமிழ்தானே’ என்று அலட்சியமாக இருந்து கோட்டை விடாதீர்கள்.

கீழக்கரை, தொண்டி பக்கம் வளைகுடா ஆசை இயல்பு. ‘முதலில் விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஏஜென்ட் சொன்னால், அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள். சவுதி, குவைத், கத்தார் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸாகப் போக, 2015 முதல் எந்தப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) கட்டாயம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், அவ்வளவுதான். நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிந்து பாருங்கள்.

கடைசியாகக் கல்விக் கடன். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்பதை ‘வட்டியும் இல்லை’ என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்திருந்தால், படிப்புக் காலத்துக்கும் அந்த ஓராண்டுக்கும் ஏறிய வட்டிக்கு மத்திய அரசு மானியம் உண்டா என்று வங்கியில் கேளுங்கள். வருமானச் சான்றையும் கையோடு கொண்டுபோங்கள். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் காசு புரளாது. அந்த 2 மாதத் தவணையை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.