மாமாவின் கிழக்கு வாசலும் ஒரு ரூபாய் நாணயமும்

நான் மார்த்தாண்டத்தில் புள்ளியியல் டியூஷன் எடுக்கிறேன். கருதுகோள் சோதனை, அதாவது ஒருவர் சொல்வதைத் தரவை வைத்துச் சோதிப்பது, என்றதும் பிள்ளைகள் முழிப்பார்கள். பாடப்புத்தகத்தை மூடிவிட்டு, அருமனையில் மாமா வைத்திருக்கும் தேன்பெட்டிக் கதையைத்தான் சொல்வேன்.

"வாசல் கிழக்க பாத்து இருந்தா தேன் கூடுதலாக்கும்" என்பது மாமாவின் கட்சி. சரி, சோதித்துவிடலாம் என்றேன்.

முதலில் அதற்கு எதிரானதை எழுதி வையுங்கள்: 'வாசல் எந்தப் பக்கம் இருந்தாலும் தேன் ஒன்றுதான்.' இது இன்மைக் கருதுகோள். மாமா சொல்வது மாற்றுக் கருதுகோள். மாமாவை மட்டம் தட்ட அல்ல இது. 'கூடும்' என்றால் எவ்வளவு என்று தெரியாமல் கணக்குப் போட முடியாது. 'வித்தியாசம் இல்லை' என்றால் நாணயம் சுண்டுவதுபோலப் பாதிக்குப் பாதி, உடனே போடலாம்.

அடுத்து எல்லை: வித்தியாசமே இல்லாதபோது இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு இதைத் தாண்டாமல் இருந்தால்தான் இன்மைக் கருதுகோளைத் தள்ளலாம். தேன் எடுக்கும் முன்பே 5 சதவீதம் என்று நோட்டில் எழுதினேன். அது சாமி கொடுத்த எண் இல்லை; புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1925இல் வெளியிட்ட நூலில் வசதியான எல்லை என்று சொன்னது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

20 பெட்டிகளை, பலம் ஒத்தவையாகப் பார்த்து 10 ஜோடி ஆக்கினோம். ஜோடியில் எது கிழக்கு, எது மேற்கு என்பதை ஒரு ரூபாய் நாணயம் முடிவு செய்தது. மாமாவிடம் விட்டால் நல்ல தேனீக் கூட்டம் கிழக்கே போய்விடும். வேண்டுமென்று செய்யமாட்டார், கை தானாகப் போகும். எடை போட்ட பையனுக்கும் எது எந்தப் பெட்டி என்று சொல்லவில்லை.

ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரப்பதுதான் எங்களுக்குத் தேன் வரவு. பூவிலிருந்து இல்லை என்றால் டியூஷன் பிள்ளைகளே நம்பமாட்டார்கள். சீசன் முடிந்தது. 10 ஜோடியில் 8இல் கிழக்குக்குத்தான் எடை அதிகம்.

"பாத்தியா மக்கா!"

கணக்கைப் பாருங்கள். வித்தியாசம் இல்லை என்றால் ஒவ்வொரு ஜோடியும் ஒரு சுண்டு; கிழக்கு ஜெயித்தால் தலை. 10 முறை சுண்டினால் 1024 விதமாக விழலாம். 8 தலை விழ 45 வழி, 9 விழ 10, பத்தும் விழ 1. மொத்தம் 56. 1024இல் 56 என்றால் சுமார் 5.5 சதவீதம். இதுதான் பி-மதிப்பு: வித்தியாசமே இல்லாதபோதும் இந்த அளவுக்கோ இதைவிட அதிகமாகவோ கிழக்கு ஜெயிக்கும் வாய்ப்பு. 'மாமா சொன்னது தப்பாக இருக்க 5.5 சதவீத வாய்ப்பு' என்று படித்துவிடாதீர்கள். பாதிப் பிள்ளைகள் வழுக்குவது இங்கேதான். 'கூடும்' என்று ஒரு பக்கம் மட்டும் பார்த்ததால் இந்த எண். 'மாறும்' என்று மட்டும் மாமா சொல்லியிருந்தால் இரண்டு மடங்காகி 11 சதவீதம்.

5ஐத் தாண்டிவிட்டது. இன்மைக் கருதுகோளைத் தள்ள முடியாது.

"அப்போ நான் சொன்னது பொய்யாக்குமா?"

"இல்ல மாமா, சாட்சி போதல."

"இன்னும் ரெண்டு ஜோடி சேத்துப் பாத்தா என்ன?"

அதுதான் கூடாது. பிடித்த விடை வரும்வரை சேர்த்துக்கொண்டே போனால், வித்தியாசமே இல்லாத இடத்திலும் என்றாவது ஒருநாள் வித்தியாசம் 'தெரிந்துவிடும்'.

உண்மையான கோளாறு வேறு. கிழக்கு வாசல் நிஜமாகவே 10இல் 7 முறை ஜெயிக்கக்கூடியது என்று வையுங்கள். எங்கள் சோதனையில் அது தேற 9 ஜோடியாவது ஜெயிக்க வேண்டும். அதற்கு வாய்ப்பு 15 சதவீதம்தான். 30 ஜோடி இருந்தால் 20 ஜெயித்தால் போதும், வாய்ப்பு 73 சதவீதம் ஆகிவிடும். இந்தக் கணக்கைச் சீசனுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். போடாதது என் தப்பு. வாத்தியார் வேலை பார்த்தும் மறந்துபோனது. போதாததற்கு, எத்தனை கிலோ வித்தியாசம் என்பதையும் வீணடித்துவிட்டேன். அதையும் கணக்கில் எடுக்க ஜோடி டி-சோதனை இருக்கிறது.

"60 பெட்டிக்கு நான் எங்க போவேன்?" என்று மாமா முணுமுணுத்தார். மறுவாரம் குலசேகரத்துச் சம்பந்தியிடம் பேசி 40 பெட்டிக்குச் சம்மதம் வாங்கிவிட்டார். நாணயத்தை மட்டும் என்னிடம் திருப்பித் தரவில்லை.