கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் வட்ட டப்பா

பழைய அமெரிக்கக் கார்களைப் பழுதுபார்க்க அடியில் படுப்பவர்கள், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் வலப்பக்கத்தில், ஒரே போல்ட்டால் பிடிக்கப்பட்டு மெல்லிய குழாய் செருகப்பட்ட வட்டமான உலோக டப்பா ஒன்றைக் கண்டு, அது என்னவென்று தெரியாமல் திகைப்பதுண்டு. 1964-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அறிமுகப்படுத்திய டர்போ ஹைட்ராமேட்டிக் 400 கியர்பாக்ஸிலும், பின்னர் வந்த 350-இலும் உள்ள அந்த உறுப்பின் பெயர் வேக்குவம் மாடுலேட்டர்.

அறிமுகமில்லாத எந்த உறுப்பையும் அடையாளம் காண, அதன் தோற்றத்தைவிட அதிலிருந்து புறப்படும் குழாயோ ஒயரோ எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி. இந்தக் குழாய், எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த்தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டைச் சென்றடையும். அங்குள்ள வெற்றிடத்தின் அளவு எஞ்சினின் சுமைக்கேற்ப மாறுவதால், டப்பாவுக்குள் இருக்கும் டயஃபிரம் என்ற நெகிழும் சவ்வு அதை உணர்ந்து கியர்பாக்ஸின் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது.

எஞ்சினை நிறுத்திவிட்டு, டப்பாவின் முனையிலிருந்து குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிவப்பு எண்ணெய் தென்பட்டால் டயஃபிரம் கிழிந்துவிட்டது என்று பொருள். அந்த எண்ணெயை எஞ்சின் உறிஞ்சி எரிப்பதால் சைலன்சரில் வெண்புகை வரும். தரையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமலேயே கியர்பாக்ஸ் எண்ணெய் குறைந்துகொண்டே போகும். இந்தச் சிறு உறுப்பை மட்டும் மாற்றினால் தீரக்கூடிய கோளாறுக்காக முழு கியர்பாக்ஸையும் இறக்குவது பெரும் வீண்செலவு என்பதால், முதலில் இதைச் சோதிக்குமாறு வலியுறுத்துகிறேன்.