ஊட்டச்சத்து மாத்திரை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

எந்த மாத்திரையை வாங்குவது என்று முடிவெடுக்கும் உரிமை நமக்கு வேண்டும். ஆனால் அரசு எதைச் சோதித்திருக்கிறது, எதைச் சோதிக்கவில்லை என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 1937-இல் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவம் கலந்த சல்ஃபா மருந்து நூறு பேருக்கு மேல் உயிரைப் பறித்த பிறகே, விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்ற சட்டம் 1938-இல் வந்தது. அதே நாட்டின் 1994-ஆம் ஆண்டுச் சட்டமோ, ஊட்டச்சத்து மாத்திரைகளுக்கு மருந்துகளுக்குரிய முன் அனுமதியைக் கோரவில்லை.

ஆகவே புட்டியைத் திருப்பிச் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். "மூட்டுகளின் இயக்கத்துக்கு உதவும்" என்பது பொதுவான கூற்று. "மூட்டுவாதத்தைக் குணப்படுத்தும்" என்றால், அதற்கு மருந்துக்குரிய சான்றைக் கேட்க வேண்டும். "சிறப்புக் கலவை, 500 மில்லிகிராம்" என்று மொத்த எடையை மட்டும் போட்டு, உள்ளிருக்கும் ஒவ்வொரு பொருளின் அளவையும் மறைத்திருந்தால், வாங்காதீர்கள். அளவை அச்சிடச் சொல்லும் விதி நம் சுதந்திரத்தைக் குறைப்பதாக நான் கருதவில்லை. அளவு தெரியாமல் தேர்ந்தெடுப்பது எப்படி? ஒரு மாத்திரையின் விற்பனையையே முழுதாகத் தடை செய்வது வேறு விஷயம். தடைக்குப் பதில் எச்சரிக்கை வாசகமே போதுமா என்று அங்கே கேட்கலாம்.

வேறு மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரிடம் புட்டியையே காட்டுங்கள். வைட்டமின் கே, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் என்ற மருந்தின் செயலைக் குறைத்துவிடும்.