வார்ட்பர்க் கோட்டையில் எது பழையது?

ஜெர்மனியின் ஐசனாக் நகருக்கு மேலே குன்றின் உச்சியில் நிற்கும் வார்ட்பர்க் கோட்டைக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சிலுவை தாங்கிய உயரமான கோபுரத்தைப் பார்த்ததும் இடைக்காலம் என்று எண்ணிவிடாதீர்கள். அது 19-ஆம் நூற்றாண்டில் கோட்டையைப் புதுப்பித்தபோது எழுப்பியது. தெற்கே உள்ள கோபுரம்தான் இடைக்காலத்தது.

முதலில் அரண்மனைக் கட்டடத்துக்குச் செல்லுங்கள். 12-ஆம் நூற்றாண்டில், இந்தத் துரிங்கியா பகுதியை ஆண்ட பிரபுக்கள் கட்டியது. அதன் தூண்களின் உச்சிப் பகுதிகளில் உள்ள கல் செதுக்கல்களை நின்று நிதானமாகப் பாருங்கள். என்னைக் கேட்டால் கோட்டையின் உண்மையான செல்வம் அவைதான். அங்கே, இந்தக் கோட்டையில் வாழ்ந்த புனித எலிசபெத்தின் பெயர் தாங்கிய அறையில் தகதகக்கும் மொசைக் மட்டும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்தது.

பிறகு, திருச்சபையை எதிர்த்த ஜெர்மன் மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் சிறிய அறை. 1521 மே முதல் 1522 மார்ச் வரை, தாடி வளர்த்து, யோர்க் என்ற பெயரில் அவர் ஒளிந்திருந்தது இந்தக் கோட்டையில்தான். பைபிளின் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து ஜெர்மனில் பெயர்த்ததும் இங்கேதான், அதுவும் சுமார் 11 வாரங்களில்! சாத்தான் மேல் அவர் எறிந்த மைக்கூட்டின் கறையைச் சுவரில் தேட வேண்டாம். அது வெறும் கதை.

கடைசி ஏற்றம் செங்குத்தானது. வழுக்காத காலணி அணிந்து செல்லுங்கள்.