பஹ்ரைனில் நம்ம பிள்ளைகள்: பதற்றக் காலத்தில் செய்யக்கூடாத தவறுகள்

வளைகுடாவில் குண்டு விழுந்ததாகச் செய்தி வந்ததும், பஹ்ரைனுக்கு ஆள் அனுப்பிய காரைக்குடி, தேவகோட்டை வீடுகளில் முதலில் எழும் பேச்சு "உடனே கிளம்பி வரச் சொல்லுங்க" என்பதுதான். முதல் தவறும் அதுதான்.

பஹ்ரைன் நம் சிவகங்கை மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத தீவு. அமெரிக்காவின் ஐந்தாவது கடற்படைப் பிரிவுக்குத் தலைமையகம் அங்கேதான். வெளியேற ஒரு சர்வதேச விமான நிலையம், சவுதிக்குப் போகும் 25 கி.மீ. பாலம் ஒன்று, முக்கிய வழிகள் அவ்வளவே. 2025 ஜூன் 23 இரவு கத்தாரிலுள்ள அமெரிக்கத் தளத்தை ஈரான் தாக்கியபோது பஹ்ரைனும் வான்வெளியைத் தற்காலிகமாக மூடியது. பாலம் திறந்தே இருந்தாலும் சவுதி விசா இல்லாதவரை எல்லையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே மூன்று நாள் இருந்த இடத்திலேயே இருக்கத்தான் முதலில் தயாராக வேண்டும்.

அதில் பெரும்பாலானோர் சறுக்குவது தண்ணீரில். அங்கே குழாயில் வருவது பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். ஆலை நின்றால் வரத்து நிற்கும். கரண்ட் போனால் மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டார் ஏற்றாது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வேண்டும். நாலு பேர் தங்கும் அறையில் ஒரு 20 லிட்டர் கேன் ஒன்றேகால் நாளுக்குத்தான் வரும். மூன்று நாளுக்கு மூன்று கேன் வாங்கி, வெயில் படாத மூலையில் வைக்கச் சொல்லுங்கள். சார்ஜ் போடும் பம்ப்பை நம்பாமல், கையால் அமுக்கும் பம்ப் ஒன்றும் இருக்கட்டும். எச்சரிக்கை வந்த உடனே வாளிகளில் பிடித்து வைப்பது கழிப்பறைக்கு உதவும்.

சாப்பாட்டுக்கு அரிசி மூட்டை மட்டும் வாங்கி வைப்பதும் தவறு; அதை வேகவைக்கத் தண்ணீரும் கேஸும் வேண்டுமே! நாம் டின்னில் அனுப்பும் சீப்புச் சீடையும் முறுக்கும் பசியாற்றும், ஆனால் உப்பும் எண்ணெயும் தாகத்தைக் கூட்டும். அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சை ஆகியவற்றுக்கு அடுப்பே தேவையில்லை. சுகர், பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு வாரத்துக்குக் கையிருப்பு வைக்க வேண்டும்.

சங்கு ஊதும்போது மொட்டைமாடிக்கு ஓடி வீடியோ எடுப்பது உயிருக்கே ஆபத்து. ஏவுகணையை வானில் இடைமறித்து உடைத்தாலும் அதன் இரும்புத் துண்டுகள் ஊர் மேல்தான் விழும். கண்ணாடி ஜன்னல் இல்லாத உள்அறையில், தாழ்வாக உட்கார வேண்டும். அபாயச் சங்கும் அபாயம் நீங்கிய சங்கும் வேறுவேறு ஒலி. எது எது என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் பரப்பினால் வழக்கும் வரலாம்.

அடுத்தது காகிதம். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கட்டும் என்று விடாதீர்கள். அதைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமையில்லை. காலாவதிக்கு ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் இன்றே புதுப்பிக்கக் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா, சிபிஆர் அட்டை (பஹ்ரைன் அடையாள அட்டை) மூன்றின் நகலும் நம் வீட்டுப் பெட்டகத்தில் ஒரு தொகுதி இருக்கட்டும். 1941 டிசம்பரில் பர்மாவின் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, இருந்ததை விட்டுவிட்டு நடந்தே வந்தவர்களின் கதை இந்தச் சீமையில் தெரியாததா! இன்று பாஸ்போர்ட் தொலைந்தாலும், நகல் இருந்தால் தூதரகத்தில் ஊர் திரும்பும் அவசரச் சான்றிதழ் வாங்குவது எளிது. தூதரகத்தில் பெயரைப் பதிவுசெய்வதைப் பதற்றம் முற்றும்வரை தள்ளிப்போட வேண்டாம். "ஸ்பெஷல் ஃபிளைட்டில் சீட் வாங்கித் தர்றேன்" என்று முன்பணம் கேட்கும் ஏஜெண்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பணம் கார்டில் மட்டும் இருந்தால் மின்சாரமோ நெட்டோ நின்ற கடையில் பயனில்லை. சில்லறை நோட்டாக 30 தினாராவது கையில் வேண்டும்.

கடைசியாக, நம் பக்கத்துத் தவறு. அப்பத்தா, அத்தை, சித்தப்பா என்று பத்துப் பேரும் ஒரே நேரத்தில் அழைத்தால் லைனும் கிடைக்காது, அங்கே இருக்கும் பிள்ளையின் போன் சார்ஜும் தீர்ந்துவிடும். வீட்டுக்கு ஒருவர் மட்டும் தொடர்பில் இருங்கள். காலையும் இரவும் குறித்த நேரத்தில் அவன் "நலம், அறையில்" என்று ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும். மற்றவர்களுக்கு அவரே சொல்லட்டும்.