1968-க்குப் பிறகான அமெரிக்கா: கல்லூரி வகுப்பில் இதை எப்படிப் படிப்பது?

அமெரிக்கக் கல்லூரிகளில் "1968 முதல் இன்றுவரை", "வாட்டர்கேட்டுக்குப் பின்" என்று ஏதாவது ஒரு பெயரில் இந்த வகுப்பு இருக்கும். வரலாறு படிக்கிறவர்கள் மட்டுமல்ல, கம்ப்யூட்டர் சயன்ஸ், நர்சிங் மாணவர்களும் பொதுப்பாடக் கணக்குக்காக எடுத்துக்கொள்வார்கள். உள்நாட்டுப் போரைப் படிப்பதைவிட இது சுலபம் என்ற நம்பிக்கையோடுதான் பலரும் வருகிறார்கள். ரீகன், கிளின்டன், செப்டம்பர் 11, ஒபாமா எல்லாம் கேட்டுப் பழகிய பெயர்கள்தானே!

நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்துக்கு டீச்சிங் அசிஸ்டன்ட். லெக்சருக்குப் பின் நடக்கும் சிறு கலந்துரையாடல் வகுப்புகளை, அதாவது செக்‌ஷன்களை, நடத்துவதும், மாணவர்கள் எழுதும் கட்டுரைகளை, அதாவது பேப்பர்களை, திருத்துவதும் என் வேலை. கேட்டுப் பழகிய பெயர்கள்தான் இங்கே பெரிய தடை என்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையைப் பற்றி எழுதுகிறவர் முதலில் புத்தகத்தைத் திறக்கிறார். ரீகனைப் பற்றி எழுதுகிறவர் வீட்டில் பெரியவர்கள் பேசிக் கேட்டதை வைத்தே இரண்டு பக்கம் எழுதிவிடுகிறார். கதை எப்படி முடிந்தது என்று நமக்கு முன்பே தெரியும்; அதனால் அன்று வாழ்ந்தவர்களுக்கும் அது தெரிந்திருந்தது போலவே எழுதிவிடுகிறோம். இதிலிருந்து வெளியே வர ஒரே வழி, அந்தந்த நாளின் ஆவணத்துக்குப் போவதுதான்.

நோட்டை ஜனாதிபதிவாரியாகப் பிரிக்காதீர்கள்

சிலபஸ் பெரும்பாலும் ஜனாதிபதிகளின் வரிசையில்தான் இருக்கும். உங்கள் நோட்டு அப்படி இருக்க வேண்டியதில்லை. ஒரு வருடத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்த வருடத்துச் சட்டம், தீர்ப்பு, வேலைநிறுத்தம், தொலைக்காட்சி, பெட்ரோல் தட்டுப்பாடு எல்லாம் ஒரே பக்கத்தில் வரட்டும்.

இதன் பலனைக் காட்ட ஒரு வாரம் போதும். 1974 ஜூலை 24 அன்று, வாட்டர்கேட் ஊழல் விசாரணையில், ஜனாதிபதி நிக்சன் வெள்ளை மாளிகையில் பதிவுசெய்த தன் ஒலிநாடாக்களை ஒப்படைத்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 8-0 எனத் தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 9 அன்று அவர் பதவியை விட்டுப் போனார். இது எல்லா மாணவர்களின் நோட்டிலும் இருக்கும். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு மறுநாள், ஜூலை 25 அன்று, அதே நீதிமன்றம் மில்லிகன் எதிர் பிராட்லி என்ற வழக்கில் 5-4 என இன்னொரு தீர்ப்பு கொடுத்தது. டெட்ராய்ட் பள்ளிகளில் இனப் பிரிவினையைச் சரிசெய்யச் சுற்றியுள்ள புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் திட்டத்துக்குள் இழுத்துப் போட முடியாது, அந்த மாவட்டங்களும் பிரிவினைக்குக் காரணமாக இருந்தன என்று காட்டினால் ஒழிய, என்பது அதன் சாரம். வெள்ளைக் குடும்பங்கள் ஏற்கெனவே புறநகர்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நகர எல்லையைத் தாண்டிவிட்டால் நீதிமன்ற ஆணை பின்னால் வராது என்று ஆகிவிட்டது. நீதிபதி டர்குட் மார்ஷல் கடுமையான மாற்றுத் தீர்ப்பு எழுதினார். இருபது ஆண்டுகளுக்கு முன், பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று ஆக்கிய பிரவுன் வழக்கை வாதாடி வென்ற வழக்கறிஞரே அவர்தான். அதே செப்டம்பரில், சௌத் பாஸ்டனில், கறுப்பின மாணவர்களை ஏற்றிவந்த பள்ளிப் பேருந்துகள் மீது கல் வீசினார்கள்.

மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நாடு முழுக்க வெள்ளை மாளிகையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், பிள்ளைகள் யாரோடு உட்கார்ந்து படிப்பார்கள் என்பது வேறொரு தீர்ப்பில் முடிவாகிக்கொண்டிருந்தது. ஜனாதிபதிவாரி நோட்டில் நிக்சன் பக்கத்தில் வாட்டர்கேட் இருக்கும். மில்லிகன் எங்குமே இருக்காது. எனக்கு மிகவும் பிடித்த செமஸ்டர் பேப்பர்கள் இப்படிப்பட்ட பக்கங்களிலிருந்து வந்தவைதான்.

முழு உரையையும் படியுங்கள்

இந்தக் காலத்துக்கு ஆவணப் பஞ்சமே இல்லை. ஜனாதிபதிகளின் உரைகளும் அறிக்கைகளும் சான்டா பார்பரா கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் பிரசிடென்சி புராஜெக்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நிக்சனின் ஒலிநாடாக்களை யோர்பா லிண்டாவில் இருக்கும் அவருடைய நூலகத்தின் தளத்திலேயே கேட்கலாம். உச்ச நீதிமன்ற வாதங்களின் ஒலிப்பதிவு ஓயெஸ் தளத்தில் இருக்கிறது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 ஆகஸ்ட் முதல் மாலைநேரத் தொலைக்காட்சிச் செய்திகளைப் பதிவுசெய்து வைத்திருக்கிறது. 1979-இல் தொடங்கிய சி-ஸ்பான் கேபிள் சேனலின் வீடியோ தொகுப்பில் பிரதிநிதிகள் சபை விவாதங்களைப் பார்க்கலாம். இவற்றில் சந்தா தேவைப்படுவதற்கு உங்கள் கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். வரலாற்றுக்கென்றே ஒரு நூலகர் இருப்பார், மாணவர் தேடி வந்தால் மிகவும் மகிழ்வார்.

கிடைப்பது எளிது. முழுவதும் படிப்பதுதான் நடப்பதில்லை. ஜிம்மி கார்ட்டர் 1979 ஜூலை 15 அன்று ஆற்றிய உரையை எடுத்துக்கொள்வோம். "மக்களைத் திட்டினார், அதனால் தோற்றார்" என்று வருடா வருடம் யாராவது ஒருவர் எழுதுகிறார். உரையை எடுத்துப் படித்தால், நாட்டின் தன்னம்பிக்கை குலைந்திருக்கிறது என்ற முதல் பாதிக்குப் பிறகு நீளமான எரிசக்தித் திட்டம் வருகிறது. 1977-இல் பயன்படுத்தியதைவிட ஒரு துளி கூடுதலாக வெளிநாட்டு எண்ணெய் வாங்க மாட்டோம் என்கிறார். 2000-க்குள் நாட்டின் எரிசக்தியில் 20 சதவீதம் சூரிய ஒளியிலிருந்து வர வேண்டும் என்று இலக்கு வைக்கிறார். அப்புறம் அந்த வாரத்துச் செய்திகளைப் பாருங்கள்: உரைக்கு நல்ல வரவேற்பு, அவருடைய ஆதரவு விகிதமும் ஏறியது. இரண்டு நாள் கழித்துத் தன் அமைச்சரவை மொத்தத்தையும் ராஜினாமாக் கடிதம் கொடுக்கச் சொன்னார், ஐந்து பேர் வெளியேறினார்கள். அரசாங்கமே ஆட்டம் காண்கிறது என்ற எண்ணம் அப்போதுதான் பரவியது. உரையே அவரைக் கவிழ்த்தது என்பது, 1980 நவம்பர் தோல்வியிலிருந்து பின்னோக்கிப் படிக்கும்போது வரும் கதை.

ஆகவே எந்த ஆவணத்தை எடுத்தாலும், அதற்கு அடுத்த வாரம் என்ன நடந்தது என்று தேடுங்கள். அடுத்த பத்தாண்டு அப்புறம் வரட்டும்.

பண்பாட்டைக் கடைசிப் பத்தியில் ஒட்டவைக்காதீர்கள்

அரசியலை நான்கு பக்கம் எழுதிவிட்டு, "இதே காலத்தில் ஹிப்-ஹாப் தோன்றியது" என்று முடிக்கிற பேப்பர்கள் நிறைய வருகின்றன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். பாட்டும் தொலைக்காட்சியும் அரசியலுக்கு அலங்காரம் அல்ல, அவையும் சாட்சியங்கள். அவற்றிடம் கேட்க வேண்டிய கேள்விகள்: எந்த இடத்தில் பிறந்தது, யார் காசு போட்டார்கள், எந்த விதி அதை அனுமதித்தது?

ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்லப்படுவது 1973 ஆகஸ்ட் 11. பிராங்க்ஸில் 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் டீஜே கூல் ஹெர்க் இசை போட்ட விருந்து. அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்தில் போகிறது கிராஸ் பிராங்க்ஸ் எக்ஸ்பிரஸ்வே. குடியிருப்புகளை இடித்துக்கொண்டு போட்ட சாலை. இரண்டு வருடத்தில் நியூயார்க் நகரமே திவாலாகும் நிலைக்கு வந்தது. சாலைத் திட்டம், வீட்டு வசதி, நகர நிதி எல்லாம் இந்த ஒரு முகவரிக்குள் இருக்கின்றன. இதைத் தனியாகப் "பண்பாடு" என்று ஒதுக்க வழியே இல்லை.

விதிகளைக் கவனிப்பதும் அதே அளவு முக்கியம். ஒளிபரப்பு நிலையங்கள் சர்ச்சைக்குரிய பொது விஷயங்களில் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்ற ஃபேர்னஸ் டாக்ட்ரின் விதியை, ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான எஃப்.சி.சி. 1987-இல் கைவிட்டது. மறுவருடம் பழமைவாதப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் வானொலி நிகழ்ச்சி நாடு முழுக்க ஒலிக்கத் தொடங்கியது. இந்தத் தொடர்பை எழுதலாம். ஆனால் 1996-இல் தொடங்கிய ஃபாக்ஸ் நியூஸையும் இதே காரணத்தில் சேர்த்துவிடாதீர்கள். அந்த விதி அரசு உரிமம் பெற்று வான்வழி ஒளிபரப்பிய நிலையங்களுக்கானது. ஃபாக்ஸ் நியூஸ் கேபிள் சேனல். தேர்வில் இந்த வித்தியாசத்தை எழுதுகிற மாணவரை நான் உடனே கவனிப்பேன்.

அரசியலும் தொலைக்காட்சியும் நேருக்கு நேர் மோதிய நாளும் உண்டு. 1992 மே 19, சான் ஃபிரான்சிஸ்கோ. லாஸ் ஏஞ்சலஸ் கலவரம் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. துணை ஜனாதிபதி டேன் குவேல் வறுமை, குடும்பம், கலவரம் பற்றி நீண்ட உரை ஆற்றினார். அதில் ஒரே ஒரு வாக்கியத்தில், மர்ஃபி பிரவுன் என்ற தொலைக்காட்சித் தொடரின் கதாநாயகி தனியாகக் குழந்தை பெற்றுக்கொண்டதைக் குறைசொன்னார். செய்திகளில் அந்த வாக்கியம்தான் பெரிதாக வந்தது. செக்‌ஷனில் இந்த உரையை முழுவதும் படிக்கவைத்து, கலவரத்தைப் பற்றி அவர் சொன்ன விளக்கத்தோடு உங்களுக்கு உடன்பாடா என்று கேட்பேன். விவாதம் உடனே வேறு தளத்துக்குப் போய்விடும்.

இன்றைய கட்சிக்கோட்டை அன்றைக்குப் போடாதீர்கள்

கருக்கலைப்பு, துப்பாக்கி, குடியேற்றம் என்று பேச்சு வந்தால் வகுப்பறை இறுகிப்போகும். அப்போது உதவும் ஒரு கேள்வி: அந்த வருடத்தில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள்? கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக ஏற்ற 1973-இன் ரோ எதிர் வேட் தீர்ப்பு 7-2. அந்த ஏழு பேரில் ஐந்து பேர் குடியரசுக் கட்சி ஜனாதிபதிகள் நியமித்தவர்கள். எதிர்த்து எழுதிய இருவரில் பைரன் வொய்ட் கென்னடி நியமித்தவர். 2022-இல் டாப்ஸ் தீர்ப்பு ரோவை ரத்துசெய்தபோது கட்சிக்கோடு தெளிவாக இருந்தது. இடைப்பட்ட 49 வருடத்தில் அந்தக் கோடு எப்படி, யாரால் வரையப்பட்டது என்பதுதான் வரலாற்றுக் கேள்வி. இப்படிக் கேட்டால், எதிரெதிர்க் கருத்துள்ள இரண்டு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்ய முடிகிறது.

தேர்தல் எண்களிலும் இதே கவனம் வேண்டும். 1980-இல் ரீகனுக்கு, ஜனாதிபதியை முடிவுசெய்கிற மாநிலவாரித் தேர்வாளர் வாக்குகளில், 538-இல் 489. மக்கள் வாக்கில் 51 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 1992-இல் கிளின்டன் வென்றது சுமார் 43 சதவீதத்தில். "நாடே திரும்பியது" என்று எழுதும் முன் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இது "அவர்கள்" வரலாறு என்று ஒதுங்கி உட்காருகிறவர்களைப் பார்க்கிறேன். 1965 அக்டோபர் 3 அன்று, சுதந்திர தேவி சிலையின் அடியில், ஜனாதிபதி ஜான்சன் குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதுவரை இந்தியாவுக்கு இருந்த ஒதுக்கீடு, 1946 சட்டத்தின்படி, வருடத்துக்கு 100 பேர். அந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறையைப் புதிய சட்டம் எடுத்துவிட்டது. இங்கே இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருப்பதன் வேர் அங்கே இருக்கிறது. இது புரட்சிகரமான மசோதா அல்ல என்று அன்று ஜான்சனே சொன்னார் என்பதைக் கவனியுங்கள். கையெழுத்திட்டவருக்கே பின்விளைவு தெரியவில்லை. அதே சட்டம் மெக்சிகோ உள்ளிட்ட மேற்கு அரைக்கோள நாடுகளுக்கு முதன்முறையாக வருடத்துக்கு 1,20,000 என்று வரம்பும் போட்டது. மெக்சிகோத் தொழிலாளர்களை அழைத்துவந்த பிரசேரோ திட்டம் 1964-இல்தான் முடிந்திருந்தது. வேலைக்கு ஆள் தேவை அப்படியே இருக்க, சட்டப்படி வரும் வழி குறுகியது. ஒருவருக்குக் கதவைத் திறந்த சட்டமே இன்னொருவருக்கு அதை நெருக்கியது. இதை எழுத, இரண்டு பக்கத்தையும் பார்க்கிற மாணவர் வேண்டும்.

பேப்பரும் தேர்வும்

தலைப்பை மிகச் சமீபத்தில் வைக்காதீர்கள். 1978-இன் சட்டப்படி, ஜனாதிபதியின் ஆவணங்களைக் கேட்டுப் பெறவே பதவி முடிந்து ஐந்து வருடம் ஆக வேண்டும். சில வகை ஆவணங்களை 12 வருடம் வரை மூடி வைக்கலாம். அதற்கு முன் எழுதினால் செய்திக் கட்டுரைகளும் நினைவுக் குறிப்புகளும்தான் கையில் மிஞ்சும். சமீபத்தைத்தான் எழுதுவேன் என்றால், நீதிமன்றத் தீர்ப்புகளையும் காங்கிரஸ் விசாரணை அறிக்கைகளையும் அடிப்படையாக வையுங்கள். அவை உடனுக்குடன் வெளியாகின்றன.

செமஸ்டர் நடுவே வரும் மிட்டெர்ம் தேர்வில் ஐடி கேள்விகள் வரும்: ஒரு பெயர் கொடுத்து, அது என்ன, எப்போது, ஏன் முக்கியம் என்று கேட்பார்கள். முதல் இரண்டுக்கும் இரண்டு வரி போதும். மதிப்பெண் "ஏன் முக்கியம்" என்பதில்தான். "புராபசிஷன் 13, கலிஃபோர்னியா, 1978, சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் நிறுத்தியது" என்று எழுதி நிறுத்திவிட்டால் பாதி மதிப்பெண். ஜனநாயகக் கட்சிக்காரர் ஆளுநராக இருந்த மாநிலத்தில் வாக்காளர்களே நேரடியாக வரியை வெட்டினார்கள், ரீகன் ஜெயிப்பதற்கு இரண்டு வருடம் முன்பே, என்று சேர்த்தால் முழு மதிப்பெண்.

பேப்பர் எழுதத் தொடங்கும் முன் ஆஃபீஸ் அவர்ஸுக்கு, அதாவது எங்களை நேரில் சந்திக்க ஒதுக்கிய நேரத்துக்கு, வாருங்கள். பேப்பரின் மைய வாதத்தைச் சொல்லும் தீசிஸ் வாக்கியம் தயாராக இருக்க வேண்டியதில்லை. முழுவதும் படித்த ஒரு ஆவணம், அதில் உங்களுக்குப் புரியாத ஒரு இடம், அதற்கு அடுத்த வாரத்துச் செய்தித்தாள் ஒன்று, இவை போதும். மீதியை உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.