டெல்டாவில் இருந்தபடியே பூல் ஆட்டக்காரர் ஆக

திருச்சி, தஞ்சை, கும்பகோணம் பக்கம் பூல் டேபிள் இல்லாமல், அதேபோலக் கோலால் பந்தை அடித்துக் குழியில் தள்ளும் ஸ்னூக்கர் ஆட்டத்தின் டேபிள்தான் கிடைக்கிறதா? தயங்காமல் அதிலேயே தொடங்குங்கள். 12 அடி டேபிளில், 52.5 மி.மீ. பந்தில் கை நேரானால், 9 அடி பூல் டேபிளும் 57 மி.மீ. பந்தும் சீக்கிரம் பழகிவிடும்.

முதல் மூன்று மாதம் ஸ்டாப் ஷாட் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பந்து, அடிபடும் பந்து, பாக்கெட் (பந்து விழும் குழி) மூன்றும் ஒரே கோட்டில். பந்துகளுக்கு நடுவே 3 அடி. வெள்ளைப் பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே அடித்தால் அது மோதிய இடத்திலேயே நிற்க வேண்டும். முன்னே உருண்டால் மேலே பட்டிருக்கிறது, அல்லது வேகம் போதவில்லை. நின்ற இடத்தில் பம்பரமாகச் சுற்றினால் க்யூ (அடிக்கும் கோல்) நடுக்கோட்டை விட்டு விலகியிருக்கிறது. முழங்கை வெளியே போகிறதா பாருங்கள். பத்துக்கு ஒன்பது சரியாகும்வரை இடைவெளியைக் கூட்டவே கூடாது. இங்கேதான் பலர் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டேபிள் துணி ஈரம் இழுத்துப் பந்து மெதுவாகும். ஆட்டத்துக்கு முன் எதிர் குஷனில் (டேபிளின் ரப்பர் ஓரத்தில்) முட்டித் திரும்பும்படி நாலைந்து தடவை அடித்து வேகத்தைக் கணியுங்கள். க்யூவைச் சுவரில் சாய்க்காதீர்கள், வளைந்துவிடும்.

கை தேறியதும் மாநிலப் போட்டிகளுக்குப் பெயர் கொடுங்கள். தேசியப் போட்டிகளை நடத்துவது பில்லியர்ட்ஸ் அண்ட் ஸ்னூக்கர் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா. பரிசுப் பணத்தை நம்பிப் படிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.